நாற்பத்து நான்காம் பக்கம்

மேஜர் நேகிக்கு இரண்டு விரலில்தான் டைப் அடிக்க வரும்.
எனக்குப் பத்தும்.
அதனால் வெலிங்டன் பஜாரில்
ஜெராக்ஸ் மெஷினுக்கும் கோயில் ரசீதுக் கட்டுகளுக்கும் நடுவே
பக்கத்துக்கு முப்பது ரூபாய் வீதம்
உலகம் என் விரல் வழியாகப் போகிறது.

இந்த மழைக்காலத்துத் தலைப்பு:
எழுந்து வருகிற அந்த நாட்டை
உண்மையான வல்லரசு என்று சொல்லலாமா.

எந்த நாடு என்று சொல்ல மாட்டேன்.
தொழிலில் அது ஒரு மரியாதை.
விமானந்தாங்கிக் கப்பல் எத்தனை,
அயல் மண்ணில் தளம் எத்தனை,
எத்தனை தூரம் பாயும் ஏவுகணை,
அதன் பணத்தை அடுத்தவன் பெட்டியில் பூட்டி வைக்கிறானா,
அதன் சினிமாவுக்கு அடுத்தவன் பிள்ளை அழுகிறதா.
ஐந்து கட்டம். நான்கில் டிக்.
ஐந்தாவதில் போன வாரம் "ஆம்."
திங்கட்கிழமை "ஆகலாம்."
நேற்று "இன்னும் இல்லை."
திருத்தத்துக்குத் தனிக் காசு வாங்குவதில்லை நான்.
வாங்கியிருந்தால் இந்நேரம்
வீட்டுக்குத் தகரம் மாற்றியிருப்பேன்.

நாற்பத்து நான்காம் பக்கம், முடிவுரை.
"ஆகவே" என்று அடித்தேன்.
கரண்ட் போய்விட்டது.
அதுவரை 'பவர்' என்ற சொல்லை
நூற்றுப் பதினேழு முறை அடித்திருந்தேன்.

இன்வெர்ட்டர் மூன்று தரம் கத்தி அடங்கியது.
மூடுபனி பெட்ரோல் பங்க் வரை வந்து நின்றது.
"பவர் எப்போது வரும்?" என்றார் மேஜர்,
மூன்று குளிர்காலம் பனி எல்லையில் கிடந்தவர்,
பரீட்சைக்குப் பயந்த பையன் குரலில்.

மின்வாரியத்துக்கு போன் போட்டேன்.
லைன்மேன் பெள்ளன் எடுத்தான்.
காட்டேரிப் பக்கம் சீகை மரம் கம்பிமேல் விழுந்து கிடக்கிறதாம்.
வெட்ட ஆள் இருக்கிறதாம், ரம்பம் இருக்கிறதாம்.
மரத்துக்கு இந்தப் பக்கம்
ஒரு காட்டெருமை நிற்கிறதாம்.
"அது எப்ப நகரும்?"
"அதைத்தாங்க்கா நாங்களும் பாத்துட்டு நிக்கிறோம்."

மேஜர் சிரித்தார்.
பிறகு இருட்டில் வெகுநேரம் பேச்சில்லை.
"நீங்கள் சொல்லுங்கள், திலகேஸ்வரி.
எதை வல்லரசு என்பீர்கள்?"

என் அப்பா, சார், ஒன்பது வயதில்
ஹட்டனில் ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி
மண்டபம் முகாமில் எண்ணப்பட்டவர்.
இரண்டு அரசுகள் ஒரு மேசையில் உட்கார்ந்து
இத்தனை லட்சம் உனக்கு, இத்தனை லட்சம் எனக்கு என்று
தலைகளைப் பங்கு போட்டன.
ஒன்று வரைபடத்தில் கட்டைவிரல் அளவு.
இன்னொன்று அந்த நாளில்
கப்பலில் வரும் கோதுமைக்குக் காத்திருந்தது.
உங்கள் அட்டவணையில் இரண்டுக்கும் ஒரு டிக் விழாது.
ஆனால் ஒரு தாள் வந்தது லயத்துக்கு.
அதில் அப்பாவின் பெயர் இருந்தது,
அவர் நாய்க்குட்டியின் பெயர் இல்லை.
அது ஸ்டேஷன் வரை ஓடி வந்ததாம்.

நீங்கள் மேலே நின்று எண்ணுகிறீர்கள்.
எங்களுக்குக் கீழே இருந்து பார்த்துப் பழக்கம்.
அங்கிருந்து பார்த்தால்
ரப்பர் ஸ்டாம்ப் வைத்திருக்கிற எவனும் வல்லரசுதான்.

டார்ச் வெளிச்சத்தில் ஏதோ எழுதினார். அடித்தார்.
"இதற்கு ஆதாரம் எதைக் குறிப்பிடுவது?"
அடிக்குறிப்பில் அப்பாவை எப்படிப் போடுவது என்று
எனக்குத் தெரியவில்லை.

ஆறு நாற்பதுக்கு விளக்கு எரிந்தது.
எருமை தானாகவே போய்விட்டதாம், தேயிலைக்குள்.
திரையில் "ஆகவே" பத்திரமாக இருந்தது,
பக்கத்தில் துடித்துக்கொண்டு ஒரு கோடு.

முடிவுரை நாளைக்கு என்று கிளம்பினார்.
நாற்பத்து மூன்று பக்கம், ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு.
சில்லறை இல்லையாம்.
ரத்தான "ஆம்" பக்கம் ஒன்றைத் திருப்பிப் போட்டு
முதுகில் எழுதி வைத்தேன்:
நேகி சார், பாக்கி 90.